ஃபேர்னஸ் விளம்பரங்களில் எதைப் போடவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒக்டோபர் பிறந்தால் உங்கள் பத்திரிகையில், காஸை எரித்து வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பெட்டிகளின் விளம்பரங்கள் பெருகிவிடும். வீடு விற்பவரின் படத்துக்கும் நகைக்கடைக்கும் நடுவில் அரைப்பக்கம், முழுப்பக்கம் என்று வரும். முதல் ஆறு மாதம் கட்டணம் இல்லை, கிரெடிட் பார்ப்பதில்லை, இன்றே வந்து பூட்டித் தருவோம், நாங்கள் உங்கள் ஆட்கள். சிரிக்கிற முகம் ஒன்றும் தொலைபேசி இலக்கம் ஒன்றும் தவறாமல் இருக்கும். விலை இருக்காது. என்ன அளவு என்று இருக்காது. காஸ் வேலை செய்ய அனுமதி பெற்றவர்கள்தானா என்று காட்டுகிற ரி.எஸ்.எஸ்.ஏ. பதிவு இலக்கமும் அநேகமாக இருக்காது. விளம்பரமே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, கடை வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போகிற பத்திரிகை அந்தக் காசில்தான் அச்சாகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் சனத்தில் பாதிப்பேர் ஃபேர்னஸ் வாங்குவதைப் பற்றி அறிந்துகொள்வது இந்த விளம்பரங்களில் இருந்துதான் என்பதால், அவற்றில் இல்லாததை யாராவது எழுதத்தானே வேண்டும்.

நான் காஸ் தொழிலுக்கான ஜி-2 சான்றிதழோடு ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வேலை செய்தவன். முதுகு விட்டுவிட்டதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். எந்தக் கம்பனியோடும் பங்கோ கமிஷனோ கிடையாது. தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துச் சொல்வேன், தேத்தண்ணி தருவார்கள்.

போனதும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, எந்த பிராண்ட் நல்லது?" இதைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. கேரியரும் பிரையன்ற்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ட்ரேனும் அமெரிக்கன் ஸ்ராண்டேர்டும் அப்படித்தான், ரீமும் ரூட்டும் அப்படித்தான். குட்மேனை 2012இலேயே டைக்கின் வாங்கிவிட்டது. எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதைப் பூட்டுகிறவன் சரியாகப் பூட்டினால் பதினைந்து இருபது வருடம் ஓடும், பிழையாகப் பூட்டினால் மிகவும் விலை கூடிய பெட்டியும் ஐந்து வருடத்தில் தலையிடி தரும்.

இரண்டாவது கேள்வி, எத்தனை வீதம் என்பது. "96 வீதம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது பெருமைப்படுகிற விஷயமே இல்லை. எரிகிற காஸில் எத்தனை வீதம் வீட்டுக்குள் சூடாக வருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 2019 யூலை 3ஆம் திகதிக்குப் பிறகு தயாராகிக் கனடாவில் விற்கப்படுகிற வழமையான வீட்டு காஸ் ஃபேர்னஸ் எதுவும் 95 வீதத்துக்குக் குறைய இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆகவே எல்லாரும் விற்பது 95 அல்லது அதற்கு மேல்தான். 95க்கும் 98க்கும் உள்ள வித்தியாசம், வருடத்துக்கு வீட்டைச் சூடாக்க 1,000 டொலர் காஸ் எரிக்கிற வீட்டில், ஏறக்குறைய 30 டொலர். அந்த 98க்காக ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடக் கேட்டால் நீங்களே கணக்குப் பாருங்கள்.

யாரும் கேட்காத கேள்வி அளவு. மணிக்கு எத்தனை பி.ரி.யு., அதாவது எவ்வளவு வெப்பத்துக்கான காஸை எரிக்கும் என்பது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வேலைக்கு வருகிறவர் என்ன செய்வார் தெரியுமா? பேஸ்மென்ற்றுக்கு இறங்குவார், அரிசி மூட்டைகளையும் ஃபிரீசரையும் ஊருக்குக் கொண்டுபோகிற சூட்கேஸ்களையும் தாண்டிப் போய்ப் பழைய ஃபேர்னஸின் கதவைக் கழற்றுவார், உள்ளே ஒட்டியிருக்கிற தகட்டில் 100,000 என்று இருந்தால் தானும் 100,000 என்று எழுதிக்கொள்வார், கொஞ்சம் நல்லவராக இருந்தால் 80,000 என்பார். ஐந்து நிமிட வேலை. அந்தப் பழைய ஃபேர்னஸைப் போட்ட காலத்தில் உங்கள் வீட்டு ஜன்னல்கள் வேறு, கூரைக்குள் இருந்த பஞ்சு வேறு, அன்றைக்கே அதைத் தேவைக்கு மேலாகத்தான் போட்டிருப்பார்கள். பெரிசாய்ப் போட்டால் "குளிருது" என்று யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத விதி. 60,000க்கும் 80,000க்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபடியால் வாங்குகிறவருக்கும் பெரிசு லாபமாகத் தெரிகிறது.

அப்படிப் பெரிசாய்ப் போட்டால் என்ன குறை? ஃபேர்னஸ் பற்றுகிறது, காற்று இரைச்சலோடு அடிக்கிறது, தெர்மோஸ்ரற் நடு ஹோலில் இருப்பதால் ஐந்தாறு நிமிடத்தில் அங்கே சூடு வந்துவிடுகிறது, உடனே அணைந்துவிடுகிறது. பின்பக்க அறைக்கும் கராஜுக்கு மேலே உள்ள அறைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் சூடு போய்ச் சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பற்றுகிறது. எங்கள் வீடுகளில் பின்பக்க அறையில் இருப்பது பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ, அவர்கள் ஸ்வெற்றரும் சொக்ஸும் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள். பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கொடுத்திருந்தால் சண்டை அங்கே தொடங்கும், ஏனென்றால் தெர்மோஸ்ரற் மேலே, குளிர் கீழே. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகையாவது இருக்க வேண்டும் என்பது மாநகர விதி, அது பேஸ்மென்ற்றுக்கும் சேர்த்துத்தான். இதைவிட, அடிக்கடி பற்றி அணைவதால் பற்றவைக்கிற இக்னைற்றர் கெதியாய்ப் போகும், வெப்பம் மாற்றுகிற உலோக அறை சூடாகிக் குளிர்ந்து வெடிப்பு விழும். பழைய வீட்டுக் காற்றுக் குழாய்கள் ஒடுக்கமாக இருந்தால் பெரிய ஃபேர்னஸின் சூட்டை அவற்றால் கொண்டுபோக முடியாது, உள்ளே சூடு கூடிப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும். வீட்டுக்காரர் ஃபேர்னஸ் பழுது என்று ஆளைக் கூப்பிடுவார், வந்தவர் சுவிட்சை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன அளவு வேண்டும் என்று எப்படி அறிவது? முறையான வழி எஃப்-280 என்கிற கணக்கு. கனடாவின் தர நிர்ணயம் அது. சுவர், ஜன்னல், கூரை, எந்தப் பக்கம் பார்த்த வீடு, காற்று எவ்வளவு ஒழுகுகிறது எல்லாவற்றையும் போட்டு, அந்த ஊரின் கடும் குளிரில் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்று எடுப்பார்கள். புது வீடு கட்டும்போது இது இல்லாமல் அனுமதி கிடையாது. பழைய வீட்டில் ஃபேர்னஸ் மாற்றும்போது யாரும் செய்வதில்லை, கேட்டாலும் "அனுபவத்தில் தெரியும் அண்ணை" என்பார்கள். கேளுங்கள், கணக்குத் தாளைக் கையில் தரச் சொல்லுங்கள். கேட்டவுடன் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

அதற்கு முன் நீங்களே காஸ் பில்லை வைத்து ஒரு பருமட்டான கணக்குப் போடலாம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், பெருக்கல் கழித்தல்தான். ஜனவரி மாத பில்லில் எத்தனை கன மீற்றர் என்று இருக்கும். 450 என்று வைப்போம். யூலை மாத பில்லைப் பாருங்கள், அது 50 என்றால், அது குளிக்கிற தண்ணிக்கும் அடுப்புக்கும் போனது, அதைக் கழியுங்கள். மிச்சம் 400. ஒரு கன மீற்றர் காஸில் ஏறக்குறைய 36,000 பி.ரி.யு. இருக்கிறது, ஆக ஒரு கோடியே 44 லட்சம். பழைய ஃபேர்னஸ் 80 வீதக்காரன் என்றால் அதில் ஒரு கோடியே 15 லட்சம்தான் வீட்டுக்குள் வந்தது. ஜனவரியில் 744 மணித்தியாலம், பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 15,500. இது சராசரி. ரொறன்ரோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4 அளவில், உள்ளே 21, வித்தியாசம் 25. மைனஸ் 20 அடிக்கிற இரவில் வித்தியாசம் 41. அந்த விகிதத்தில் கூட்டினால் மணிக்கு 25,000க்குக் கொஞ்சம் மேலே வரும்.

மறுபடியும் பாருங்கள், இருபத்தைந்தாயிரம். சந்தையில் கிடைக்கிற சின்ன அளவுகளில் ஒன்றான 40,000 பி.ரி.யு. ஃபேர்னஸ் 96 வீதத்தில் 38,400 தரும். தேவையை விட ஒன்றரை மடங்கு. அந்த வீட்டுக்கு 80,000 போட வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? இரவில் தெர்மோஸ்ரற்றைக் குறைத்து வைக்கிறவர்கள், அந்த மாதம் பாதி நாள் ஊரில் நின்றவர்கள், கரண்ட் ஹீற்றரும் சேர்த்துப் பாவிக்கிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக்கூடாது, தேவை கொஞ்சம் கூட வரும். இருந்தாலும் 25,000 எங்கே, 80,000 எங்கே.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. மிகக் குளிரான இரவில், தெர்மோஸ்ரற்றைத் தொடாமல், ஒரு மணித்தியாலத்தில் பழைய ஃபேர்னஸ் எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் காற்று வருகிற சத்தத்தை அல்ல, ஃபேர்னஸுக்குள் தீ எரிகிறதா என்று அதன் கண்ணாடித் துளை வழியே பார்க்க வேண்டும், ஏனென்றால் தீ அணைந்த பிறகும் காற்றாடி கொஞ்ச நேரம் சுற்றும். மைனஸ் 20இல் மணிக்கு 20 நிமிடம்தான் எரிகிறது என்றால் அது உங்கள் வீட்டுக்கு மூன்று மடங்கு பெரிசு. நல்ல அளவான ஃபேர்னஸ் அந்த இரவில் அநேகமாக நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அளவு சரியாக இருந்தால் மற்றது எல்லாம் சின்ன விஷயம். இரண்டு படியில் எரிகிற ஃபேர்னஸ் நல்லது, வருடத்தில் முக்கால்வாசி நாள் சின்னப் படியிலேயே ஓடும், சத்தம் குறைவு. காற்றாடிக்கு ஈ.சி.எம். என்கிற மோட்டர் இருந்தால் கரண்ட் குறைவாக எடுக்கும். படியே இல்லாமல் கூட்டிக் குறைக்கிற உயர்ந்த ரகம் தேவையா என்றால், என் வீட்டில் நான் போடவில்லை, பழுதானால் அதன் மின்சுற்றுப் பலகை விலை கூட. ஃபில்ரர் வைக்க நாலு இஞ்சி அகலமான பெட்டி கேளுங்கள், எங்கள் சமையலுக்கு ஒரு இஞ்சி ஃபில்ரர் ஒரு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக அடைத்துவிடும். பூட்டி முடித்ததும் சீரியல் இலக்கத்தை நீங்களே கம்பனியில் பதியுங்கள், பல கம்பனிகளில் 60 அல்லது 90 நாளுக்குள் பதியாவிட்டால் பத்து வருட உத்தரவாதம் ஐந்தாகிவிடும்.

சமையல் என்றதும் ஞாபகம் வருகிறது, இதை ஒருவரும் சொல்வதில்லை. பழைய 80 வீத ஃபேர்னஸின் புகையும் தண்ணி சூடாக்குகிற ராங்கின் புகையும் பல வீடுகளில் ஒரே புகைபோக்கி வழியாகத்தான் மேலே போகின்றன. புதுசு போட்டதும் அதன் புகை பிளாஸ்ரிக் குழாய் வழியே பக்கச் சுவரால் வெளியே போய்விடும். மிஞ்சுவது தண்ணி ராங்க் மட்டும். இரண்டு பேருக்குக் கட்டிய அகலமான புகைபோக்கியில் அந்தச் சின்னப் புகை சூடு பிடித்து மேலே ஏறாமல் குளிர்ந்து திரும்பும், ஈரம் படிந்து செங்கல் உதிரும். அதற்குள்ளே அளவான அலுமினியக் குழாய் ஒன்று இறக்க வேண்டும், அல்லது ராங்கையும் பக்கத்தால் புகை போகிற மாதிரி மாற்ற வேண்டும். பல பேர் கொடுக்கிற விலையில் இது இருக்காது. இதோடு எங்கள் குசினியில் மீன் பொரிக்கும்போது அடிக்கிற பெரிய எக்ஸோஸ்ற் காற்றாடியையும் சேர்த்து யோசியுங்கள். ஜன்னல் எல்லாம் இறுக்க மூடின வீட்டில் அது காற்றை இழுத்து வெளியே தள்ளினால், வேறு வழி இல்லாமல் வீடு அந்தப் புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். தண்ணி ராங்கின் புகை பேஸ்மென்ற்றுக்குள் திரும்பி வரும். அங்கே வாடகைக்கு இருக்கிற பொடியன் நித்திரையில் இருப்பான். எக்ஸோஸ்ற்றைப் போட்டுவிட்டு, ராங்க் எரியும்போது அதன் உச்சியில் புகைக்குழாய் தொடங்குகிற குடைக்குப் பக்கத்தில் ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள், புகை உள்ளே இழுபட வேண்டும், உங்கள் பக்கம் வந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

2008 டிசம்பரில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் வுட்ஸ்டொக்கில் ஒரு குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நாலு பேரும் இப்படியான புகையில் உள்ள நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டில் இறந்தார்கள், காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்கள் பெயரால்தான் 2013இல் சட்டம் வந்தது, 2014 ஒக்டோபரில் இருந்து காஸ் பாவிக்கிற வீடுகளில் நித்திரை கொள்கிற அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயம். ஒன்றோடு நிற்காமல் பேஸ்மென்ற் உட்பட ஒவ்வொரு மாடியிலும் வையுங்கள்.

இந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரமும் நடக்கிறது. இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்று வருவார்கள், கதவைக் கழற்றிக் கமராவை உள்ளே விட்டு, "வெடிப்பு இருக்கு ஐயா, பிள்ளைகள் இருக்கிற வீடு" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அது உங்கள் ஃபேர்னஸா, வேறு யாருடையதா என்று எப்படித் தெரியும்? வெடிப்பு உண்மையிலேயே இருக்கலாம், பழைய ஃபேர்னஸில் அது வருகிறதுதான், அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. உங்கள் முன்னாலேயே கமராவை உள்ளே விட்டு அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆபத்து என்று ஃபேர்னஸில் சிவப்பு அட்டை தொங்கவிட்டால் அது எந்த வகை என்று வாசியுங்கள். "ஏ" என்றால் உடனடி ஆபத்து, காஸை அப்போதே மூட வேண்டும். "பி" என்றால் திருத்துவதற்குத் தவணை உண்டு, அந்தத் தவணைக்குள் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டலாம். அட்டை போட்ட கையாலேயே ஒப்பந்தத்தையும் நீட்டுகிறவரிடம் அன்றைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள், சின்ன கரண்ட் ஹீற்றர் இரண்டு வாங்கி ஓர் இரவைச் சமாளிக்கலாம்.

ஒப்பந்தம் என்றால் வாடகை ஒப்பந்தம். மாதம் 120 டொலர், 10 வருடம் என்று ஒரு உதாரணம் எடுங்கள். 14,400 டொலர். பல ஒப்பந்தங்களில் வாடகை வருடா வருடம் கூடும் என்ற வாசகம் ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும், அது வேறு. அதே ஃபேர்னஸைப் பூட்டுகூலியோடு சொந்தமாக வாங்கினால் சாதாரண வீட்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரத்துக்குள் முடியும். கையில் காசு இல்லையே என்றால், 6,000 டொலரை வங்கியில் 8 வீத வட்டிக்கு 5 வருடக் கடனாக எடுத்தால் மாதம் ஏறக்குறைய 122 டொலர் வரும். அதே 120தான், பாதிக் காலத்தில் முடிந்து ஃபேர்னஸ் உங்களுடையதாகிவிடும். "முதல் ஆறு மாதம் இலவசம்" என்பதில் மயங்குகிறவர்கள் இதை ஒரு தரம் எழுதிப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு அம்மா தனியாக இருந்தார். தமிழ் கதைக்கிற பொடியன் ஒருவன் கதவைத் தட்டி, "அம்மா, இது அரசாங்கத் திட்டம், காஸ் பில்லை ஒருக்கால் காட்டுங்கோ" என்று உள்ளே வந்து, ரப்லெற்றில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஃபேர்னஸ் வந்தது, பிறகு தண்ணி சுத்திகரிக்கிற பெட்டி ஒன்றும் வந்தது. சில வருடம் கழித்து மகன் வீட்டை விற்க வெளிக்கிட்டபோது, சட்டத்தரணி தேடிப் பார்த்தால் காணிப் பதிவில், அந்தச் சாமான்களில் தனக்கு உரிமை உண்டு என்று பூட்டிய நிறுவனம் போட்ட பிணை அறிவித்தல் ஏறியிருக்கிறது. அதை விடுவிக்கக் கேட்ட காசுக்கு அந்த இரண்டு பெட்டியையும் புதிதாக மூன்று தரம் வாங்கலாம். வீடு கைமாறுகிற திகதி நெருங்கிவிட்டது, வேறு வழி இல்லை, கட்டினார்கள்.

இதற்குப் பிறகு சட்டம் இரண்டு தரம் மாறியது, பலருக்குத் தெரியாது. 2018 மார்ச் 1இல் இருந்து ஒன்ராறியோவில் நீங்கள் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, தண்ணி ராங்க் ஒப்பந்தம் எழுதுவது தடை. அப்படி எழுதினால் அது செல்லாது, பூட்டிய சாமானையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கூப்பிட்டு வந்தவரோடு வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும் எழுத்துப் பிரதி கிடைத்ததில் இருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். 2024 யூன் 6இல் வந்த சட்டத்தால் இப்படியான வீட்டுச் சாமான்களுக்காகக் காணிப் பதிவில் அறிவித்தல் ஏற்றுவதே நிறுத்தப்பட்டது, முன்பு ஏற்றியவையும் காலாவதி. ஆனால் கவனியுங்கள், அறிவித்தல்தான் காலாவதி, ஒப்பந்தம் அல்ல. மாதக் காசை நிறுத்தினால் அவர்கள் வேறு வழியில் வருவார்கள். அதனால் பழைய ஒப்பந்தம் உள்ளவர்கள் அதை எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது. இன்னொன்று, கதவைத் தட்ட முடியாதபடியால் இப்போது தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். "இலவசமாகப் பார்க்க வரட்டா?" என்பார்கள், நீங்கள் "வாங்கோ" என்று சொல்லிவிட்டால் நீங்களே கூப்பிட்ட மாதிரி ஆக்கப் பார்ப்பார்கள்.

ஹீற் பம்ப் போடலாமா என்று இளம் ஆட்கள் கேட்கிறார்கள். ஏசியும் பழசாகிவிட்டது என்றால் கட்டாயம் விலை கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வேலை செய்கிற ஏசிதான், எப்படியும் ஏசிக்குக் கொடுக்கப் போகிற காசில் ஒரு பங்கு அதற்குப் போகும். இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் வீட்டை அதுவே சூடாக்கும், கடும் குளிரில் காஸ் ஃபேர்னஸ் கைகொடுக்கும். மத்திய அரசின் 5,000 டொலர் மானியம் 2024 பெப்ரவரியோடு புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது, இன்னமும் அதைச் சொல்லி விற்கிறவரை நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் 1இல் இருந்து காஸ் பில்லில் காபன் கட்டணமும் இல்லை, ஆகவே அதற்கு முன் யாரோ போட்ட லாபக் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது. மின்சாரத்துக்கு இரவு 11 மணியில் இருந்து காலை 7 மணி வரை மிக மலிவான திட்டம் எடுத்தவர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. இதற்கும் அளவுதான் முதல் கேள்வி, ஃபேர்னஸை விட இதில் பிழை விட்டால் சேதம் கூட.

பழசு ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை கேளுங்கள். செப்ரெம்பரில் மூன்று பேரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் நிதானமாக வந்து பார்ப்பார்கள். ஜனவரியில் வீடு 12 பாகையில் இருக்கும்போது கூப்பிட்டால் யார் முதலில் வருகிறாரோ அவர் சொல்வதுதான் விலை. அப்புறம், பனி கொட்டின மறுநாள் புது ஃபேர்னஸ் நின்றால் முதலில் வெளியே போய்ப் பக்கச் சுவரில் இருக்கிற இரண்டு வெள்ளைக் குழாயையும் பாருங்கள், பனி மூடியிருக்கும். அதைத் தட்டிவிடுகிறதுக்கு நூற்றைம்பது டொலர் வாங்கினவர்களை எனக்குத் தெரியும்.

இனி உங்களிடம் கேட்பது. ஃபேர்னஸ் விளம்பரம் கொண்டுவருகிறவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: ரி.எஸ்.எஸ்.ஏ. பதிவு இலக்கம், வாடகை என்றால் முழுக் காலத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்ற தொகை, எஃப்-280 கணக்குச் செய்து தருவார்களா இல்லையா. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பத்திரிகைக்குப் போவார்கள், எனக்குச் சொல்வது சுகம், அச்சுக்கூலி கட்டுவது நீங்கள். மூன்றும் முடியாவிட்டால் அந்தப் பதிவு இலக்கத்தையாவது கட்டாயமாக்குங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் கனபேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த இலக்கத்தைத் தர ஒரு நிமிடம் கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காஸ் தொழிலாளி ஒருவர்,
ஸ்காபரோ